மேடை தந்ததும் திரை கொண்டதும்

திரை விலகினால் நாடகம். திரை விரிந்தால் படம். ஒன்றிலே திரை மறைக்கும் துணி. மற்றொன்றிலே திரையே காட்டும் கண்ணாடி. சொல் ஒன்று, தொழிலோ நேர் எதிர். இந்த வேறுபாட்டை உணராமல் நாடகத்தை அப்படியே தூக்கி வெண்திரையில் ஒட்டியவர்கள் உண்டு. உணர்ந்து உருமாற்றியவர்களும் உண்டு. முன்னவர் படைப்பு மங்கியது. பின்னவர் படைப்பு மக்கள் நெஞ்சில் தங்கியது. ஏன்? அதனை ஆராய்வதே நம் நோக்கம்.

படக்கலை நடை பயிலத் தொடங்கியபோதே நாடகத்தின் கையைப் பிடித்துக் கொண்டது. 1899-ஆம் ஆண்டு இலண்டன் நடிகர் ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ, சேக்சுபியரின் ‘ஜான் மன்னன்’ நாடகக் காட்சிகளைப் படமாக்க இசைந்தார். மன்னன் மடியும் சிறு துணுக்கு ஒன்று இன்றும் எஞ்சியிருக்கிறது. அடுத்த ஆண்டே பாரிசு நகரில், புகழ்பெற்ற நடிகை சாரா பெர்ன்ஹார்ட் ஆண் வேடமிட்டு ஆம்லெத்தாகத் தோன்றினார். எடுத்த காட்சி எது தெரியுமா? வாட்போர்! ஏனெனில் வாள் பேசும் இடத்தில் வாய் பேசத் தேவையில்லை. சொல்லாட்சியின் பேரரசன் சேக்சுபியர், ஊமைப் படத்திலே நாவிழந்து நின்றான். உடல் வந்தது, உயிர் வரவில்லை.

பேசும் படம் பிறந்தது, குரல் வந்தது. குரல் வந்ததும் குறை தீர்ந்ததா? இல்லை. அதே ஆம்லெத்தையே சான்றாகக் கொள்வோம். 1935-இல் சோராப் மோடி ‘கூன் கா கூன்’ என்ற பெயரில் அந்த நாடகத்தை உருது மொழியில் படமாக்கினார். பார்சி நாடக மேடையில் ஆடியதை ஒளிப்பெட்டியின் முன் மீண்டும் ஆடிய முயற்சி அது. மேடை நடிகனின் குரல், கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் கேட்க வேண்டிய குரல். அவன் கைவீச்சு, தொலைவில் இருப்பவனுக்கும் தெரிய வேண்டிய வீச்சு. ஒளிப்பெட்டியோ முகத்தருகே வந்து நிற்கும் விருந்தாளி. அருகில் நிற்பவனிடம் கூவிப் பேசினால் எப்படியிருக்கும்?

1948-இல் இங்கிலாந்தின் லாரன்சு ஒலிவியே அதே நாடகத்தைப் படமாக்கினார். முழுமையாக ஆடினால் ஏறத்தாழ நான்கு மணி நேரம் செல்லும் நாடகம். அவர் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மிகுதியாகச் சுருக்கினார். சில மாந்தரை அடியோடு நீக்கினார். தனிமொழியின் பகுதிகளை, இதழ் அசையாமல், உள்ளக் குரலாக ஒலிக்க விட்டார். மேடையில் இது இயலாது. திரையில் இது இயல்பு. அந்தப் படம் ஆசுகர் விருது பெற்றது. வெட்டப்பட்ட பகுதிகளுக்காகக் கண்ணீர் வடித்த புலவர்களும் இருந்தனர். ஆயினும் ஓர் உண்மை நிலைநாட்டப்பட்டது: நாடகத்தைக் காக்க விரும்புவோன் அதன் ஒவ்வொரு வரியையும் காக்க வேண்டியதில்லை, அதன் உள்ளத் துடிப்பைக் காத்தாக வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

இந்தியாவின் முதல் பேசும் படம் ‘ஆலம் ஆரா’, 1931-இல் வந்தது. அதுவும் ஒரு பார்சி நாடகத்தின் மறுவடிவமே. அதே ஆண்டு வந்த ‘காளிதாஸ்’ தமிழ் ஒலித்த முதல் பேசும் படம். அதன் கதாநாயகி டி.பி. இராஜலட்சுமி நாடக மேடையில் வளர்ந்தவர். 1934-இல் ‘பவளக்கொடி’ வந்தது. மேடையில் பாடி நாட்டைக் கவர்ந்த தியாகராஜ பாகவதர் திரையிலும் பாடினார். படத்தில் ஏறத்தாழ 50 பாடல்கள்! பேசும் படம் என்று பெயர். பாடும் படம் என்பதே பொருத்தம்.

இதில் வியப்பில்லை. அந்நாளில் நடிகருக்குப் பள்ளி வேறு எது? சங்கரதாசு சுவாமிகள் போன்ற பேராசான்கள் வளர்த்த பாய்ஸ் கம்பெனிகளே பள்ளி. ஏழை வீட்டுச் சிறுவன் அங்கே சேர்ந்தான், பாடம் கேட்டான், பாட்டுப் பயின்றான், அரசனாகவும் ஆடினான், அரசியாகவும் ஆடினான். பி.யு. சின்னப்பாவும், என்.எஸ். கிருஷ்ணனும், சிவாஜி கணேசனும் அந்தப் பள்ளியின் மாணவர்களே. “கூத்தாடி” என்று இகழப்பட்ட கூட்டம்தான் தமிழ்த் திரைக்கு முதலீடாக வந்து சேர்ந்தது. பணம் போட்டவன் பெயர் விளம்பரத்தில் நின்றது. பயிற்சி தந்த மேடை மெல்ல மெல்ல இருளில் மறைந்தது.

வந்த நாடகங்களிலே இரண்டினை மட்டும் இங்கே எடைபோடுவோம். ஒன்று புலவர் படைத்தது. மற்றொன்று வழக்கறிஞர் படைத்தது.

திருவனந்தபுரம் கல்லூரிப் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்டது ‘மனோன்மணீயம்’. லிட்டன் பிரபுவின் ‘மறைவழி’ என்னும் கதையைத் தழுவி, பாண்டிய நாட்டுப் பின்னணியில், செய்யுள் நடையில் யாத்த நாடகம். நல்லவனான சீவக மன்னன், வஞ்சக அமைச்சன் குடிலனை நம்பிக் கெடுகிறான். சுந்தர முனிவர் அமைத்த சுரங்க வழி மன்னன் மகளைக் காக்கிறது. படிக்கப் படிக்கச் சுவை தரும் நூல். நடிக்கப் புகுந்தால் செய்யுள் நடை தடை. இதனைச் சேலம் மாடர்ன் தியேட்டர்சார் 1942-இல் ‘மனோன்மணி’ என்று படமாக்கினர். டி.ஆர். சுந்தரம் இயக்கினார், சின்னப்பாவும் டி.ஆர். இராஜகுமாரியும் நடித்தனர். நூலகத்தில் உறங்கிய கதை நகரக் கொட்டகைக்கு வந்தது. எழுத்தறியாதவனும் குடிலனின் சூழ்ச்சியைக் கண்டு கொதித்தான். இது பெற்ற பேறு. ஆனால் ஆசிரியன் ஊட்டிய தத்துவமும், அவன் ஆண்ட தமிழின் நடையும் திரையில் இடம்பெற இயலவில்லை. இது இழந்த பேறு. கதை கரையேறியது, கவிதை கடலில் நின்றது.

மற்றொன்று ‘மனோகரா’. இதன் வரலாறு இன்னும் சுவையானது.

1891-ஆம் ஆண்டு பெல்லாரிக் குழுவினர் சென்னையில் நடத்திய தெலுங்கு நாடகம் இளைஞர் பம்மல் சம்பந்தனாரின் உள்ளத்தைத் தொட்டது. படித்தவர்கள் மேடையேறினால் என்ன இழிவு என்று கேட்டார். அதே ஆண்டு சுகுண விலாச சபை பிறந்தது. வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் விளங்கியவர் முகத்தில் அரிதாரம் பூசினார்! பாட்டே ஆட்சி செய்த மேடையில் உரைநடைப் பேச்சை அமர்த்தினார். 1895-இல் ‘மனோகரா’வை எழுதினார். சபையின் எல்லையைத் தாண்டித் தொழில்முறைக் குழுக்களும் அதனை ஊர் ஊராக ஆடின.

கதை இதுதான்: புருடோத்தம மன்னன் தன் ஆசைநாயகி வசந்தசேனையின் பிடியில் சிக்குகிறான், அரசி பத்மாவதியை ஒதுக்குகிறான். மகன் மனோகரன் வீரன். ஆனால் தாய்க்குத் தந்த வாக்கு அவன் கையைக் கட்டுகிறது. விலங்கோடு அரசவையில் நிற்கிறான். தாய் எப்போது தன் கட்டளையைத் திரும்பப் பெறுகிறாளோ, அப்போது விலங்கு அறுகிறது. நாடகத்தின் உயிர் வாளில் இல்லை, வாக்கில் இருக்கிறது. அநீதியின் முன் எவ்வளவு காலம் பொறுப்பது? இதுவே அதன் வினா.

1936-இல் இந்நாடகம் முதன்முறை திரைக்கு வந்தது. நாடகாசிரியரே மன்னன் வேடத்தில் நடித்தார். அப்படம் பெரும்பேர் எடுக்கவில்லை. 1954-இல் மீண்டும் வந்தது. எல்.வி. பிரசாத் இயக்கினார், சிவாஜி கணேசன் மனோகரனாகவும், கண்ணாம்பா அரசியாகவும், டி.ஆர். இராஜகுமாரி வசந்தசேனையாகவும் தோன்றினர். உரையாடலைக் கலைஞர் மு. கருணாநிதி தீட்டினார். நாடு முழுதும் அந்தத் தர்பார்க் காட்சியைப் பேசியது. சிறுவர் தெருவிலே மனோகரனாயினர்!

கதை ஒன்று, கணேசனோ பாய்ஸ் கம்பெனியின் மாணவர். அப்படியானால் வெற்றியை விளைவித்தது எது? காலம் கேட்ட கேள்வியை உரையாடல் ஏந்தி நின்றதே காரணம் என்பது நம் கருத்து. 1895-இன் மேடையில் அது தாய்சொல் தட்டாத தனயனின் கதை. 1954-இன் கொட்டகையில் அது ஆட்சியின் முகத்துக்கு நேரே நின்று நியாயம் கேட்கும் குடிமகனின் கதை. 1949-இல் அறிஞர் அண்ணாவின் ‘வேலைக்காரி’ மேடையிலிருந்து திரைக்கு வந்தபோதே இந்தப் பாதை திறந்துவிட்டது. விலங்கு பூட்டிய இளைஞன் அரசனைக் கேள்வி கேட்கும்போது, தரை டிக்கெட் வாங்கி அமர்ந்தவன் தன் பண்ணையாரை எண்ணிக்கொண்டான். மூலத்தின் வினா அழியவில்லை. அதன் முகவரி மாறியது. தழுவலின் வெற்றி இதுவே.

ஆனால் நண்பர்களே, பாராட்டோடு நிறுத்திக்கொண்டால் ஆராய்ச்சியாகாது. மாறியது என்ன என்று கண்டோம். மாறாதது என்ன என்றும் காணவேண்டாமா?

மாறாதவள் வசந்தசேனை. 1895-இல் அவள் நஞ்சு, 1936-இல் நஞ்சு, 1954-இலும் நஞ்சு. அறிவிழந்தவன் அரசன், ஆணையிட்டவன் அரசன், மனைவியைத் தள்ளியவன் அரசன். பழியோ பெண்ணின் தலையில்! மன்னனுக்குக் கதை ஒரு மன்னிப்பை வைத்திருக்கிறது. அவளுக்குச் சாபத்தை மட்டுமே வைத்திருக்கிறது. வடமொழியில் சூத்திரகன் இயற்றிய நாடகத்திலும், பண்டிதமணி கதிரேசனார் ‘மண்ணியல் சிறுதேர்’ எனத் தமிழாக்கிய அதே நாடகத்திலும், ஒரு வசந்தசேனை வருகிறாள். அவள் கணிகை, ஆனால் அன்பும் ஈகையும் நிறைந்த தலைவி. பெயர் ஒன்று, பார்வை எத்துணை வேறு!

முதல் ‘மனோகரா’ படம் வந்த அதே 1936-இல்தான், மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகளின் மோசவலை’ என்ற நாவல் வெளிவந்தது. ஒரு முறை எவ்வாறு பெண்களைச் சிக்கவைத்து, செல்வரின் சுகத்துக்கு இரையாக்கியது என்பதை அந்தச் சூழலை அறிந்த பெண்ணே எழுதினார். 1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்கு ஏழாண்டுகள் கழித்து வந்த படத்திலும், வசந்தசேனை தன் வரலாற்றைச் சொல்ல ஒரு வாய்ப்புப் பெறவில்லை. அரசனைக் கேள்வி கேட்ட திரை, அரசனின் ஆசையைக் கேள்வி கேட்கவில்லை. புதுச்சொல் ஊற்றினோம், பழைய கலத்தைக் கழுவாமல் ஊற்றினோம்.

இந்தக் குறை இன்று நமக்கு ஏன் பெரிதாகிறது? மேடைக்கும் திரைக்கும் இடையே உள்ள மற்றொரு வேறுபாட்டால். மேடை நாடகம் இன்று தவறினால் நாளை திருந்தும். மாலையில் செய்தி படித்த நடிகன் இரவில் அதனைப் பேச்சிலே சேர்ப்பான். அதனால்தான் ஆள்வோர் நாடகத்துக்கு அஞ்சினர். 1876-இல் ஆங்கில அரசு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. 1954-இல் சென்னை அரசும் தனியே ஒன்று இயற்றியது. திரைப்படமோ ஒருமுறை பதிந்தால் பதிந்ததுதான். அதன் அழகும் நிலைக்கும்; அழுக்கும் நிலைக்கும்.

நிலைக்கும் என்றோமே, அதுவும் முழு உண்மையன்று. ‘காளிதாஸ்’ படத்தின் படச்சுருள் இன்று நம்மிடம் இல்லை. தொடக்ககாலத் தமிழ்ப் படங்கள் பல அவ்வாறே அழிந்தன. நம்மிடம் நிலையாக எஞ்சுவது அச்சேறிய நாடக நூல். படத்தை நம்பி நூலை மறந்தால், இரண்டையும் இழந்த ஏழைகளாவோம். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1957-இல் சிவாஜி நாடக மன்றத்தின் மேடையில் முழங்கியது. 1959-இல் திரைக்கு வந்தது. ‘இராஜராஜ சோழன்’ டி.கே.எஸ். சகோதரர்கள் வளர்த்த நாடகம். 1973-இல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாயிற்று. படங்களை அறிந்தோர் கோடி. அவற்றைப் பெற்ற மேடையை அறிந்தோர் எத்தனை பேர்? வகுப்பிலே கேட்கிறோம், படத்தின் பெயரைச் சொன்னதும் நடிகரின் பெயர் பறந்து வருகிறது. நாடகாசிரியர் யார் என்றால் அமைதி. மாணவர்மேல் குற்றமில்லை, ஊட்டாத சோற்றை உண்ணவில்லை என்று குழந்தையைக் கடிவது முறையாகுமா?

ஆகவே செய்யத்தக்கது யாது? பழைய நாடகத்தை எடுப்போர் மூன்று கேள்விகளைத் தமக்குள்ளே கேட்கட்டும். இதன் உயிர் எது? இதன் உடை எது? இதன் அழுக்கு எது? உயிரைக் காக்க வேண்டும், உடையை மாற்றலாம், அழுக்கை அகற்றியே ஆகவேண்டும். ஒலிவியே உடையைச் சுருக்கினார்; 1954-இன் ‘மனோகரா’ உயிரைக் காத்து உடையைப் புதுக்கியது; அழுக்கை அகற்றும் பணி மட்டும் எஞ்சி நிற்கிறது.

அப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பள்ளி ஆண்டு விழா மேடை போதும். பம்மலாரின் நூலைப் பிரிப்போம். இளையோரை ஆடச் செய்வோம். மனோகரன் அரசனைக் கேட்கட்டும். அவன் கேட்டு முடித்தபின், வசந்தசேனையும் எழுந்து அரசனைக் கேட்கட்டும். அவள் கேள்விக்கு அவையிலே மறுமொழி கிடைக்கும் நாளில்தான், மனோகரனின் விலங்கு முழுமையாக அறுந்தது என்போம்.