இயக்கும் உரிமையும் வரையறுக்கும் உரிமையும்: மெய்நிகர் கணினிகளில் அதிகாரப் பகிர்வு

ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகள் ஓடும் இடங்களில் எழும் தேவை எளிமையாகத் தெரிகிறது. இன்னாருக்கு இந்தக் கணினி மட்டும். அதை அவர் நிறுத்தலாம், துவக்கலாம், அதன் திரையைப் பார்க்கலாம். பக்கத்துக் கணினியைத் தொடக்கூடாது. யாருக்கு எது என்று பட்டியல் போட்டுவிட்டால் காரியம் முடிந்தது என்றே பல நிர்வாகிகள் கருதுகிறார்கள். அந்தப் பட்டியல் தேவைதான், ஆனால் போதாது. பாதுகாப்பின் எல்லைக்கோடு ஒரு கணினிக்கும் மறு கணினிக்கும் இடையில் இருப்பதைவிட, ஒரே கணினியின் மீதான இரு செயல்களுக்கு, அதாவது இயக்குவதற்கும் வரையறுப்பதற்கும் இடையில்தான் அழுத்தமாக இருக்கிறது என்பதே என் வாதம்.

மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்க லினக்ஸில் பரவலாகப் பயன்படும் லிப்வர்ட்டை எடுத்துக்கொள்வோம். அதன் சிஸ்டம் டீமன் ரூட் அதிகாரத்தோடு ஓடுகிறது. டெபியனில் ஒரு பயனரை 'லிப்வர்ட்' குழுவில் சேர்த்தால், கடவுச்சொல் கேட்காமலே முழு நிர்வாக உரிமை அவருக்குக் கிடைத்துவிடும். லிப்வர்ட்டைப் பொறுத்தவரை மெய்நிகர் கணினி என்பது ஓர் எக்ஸ்எம்எல் வரையறை: இத்தனை செயலிகள், இவ்வளவு நினைவகம், வட்டாக இந்தக் கோப்பு. அந்த வட்டின் இடத்தில் தன் இமேஜ் கோப்புக்குப் பதிலாக ஹோஸ்டின், அதாவது அடிப்படைச் சர்வரின், ஹார்ட் டிஸ்க்கையே ஒருவர் எழுதிவைத்தால், டீமன் வழக்கமான அமைப்பில் அதை மறுப்பதில்லை. மெய்நிகர் கணினியை ஓட்டும் கியூஎமு நிரல் திறக்க வசதியாக அந்தச் சாதனத்தின் உரிமையாளரைத் தானே மாற்றிக் கொடுக்கிறது. அடுத்து அந்த மெய்நிகர் கணினிக்குள் நுழைந்து வட்டை மவுண்ட் செய்தால் ஹோஸ்டின் கடவுச்சொல் ஹாஷ்கள் வரை எல்லாம் கண்முன் கிடக்கும். எஸ்இலினக்ஸை அடிப்படையாகக் கொண்ட எஸ்விர்ட் ஒரு கணினி இன்னொன்றின் வட்டைத் தொடாமல் நன்றாகவே காக்கிறது. ஆனால் வரையறை எந்தக் கோப்பைச் சொல்கிறதோ அதற்குத்தான் அது முத்திரை இடுகிறது. வரையறையை எழுதியவரையே அது சந்தேகிப்பதில்லை. அதிகாரம் மிக்க ஒரு நிரல், அதிகாரமில்லாத ஒருவரின் சொல்லைக் கேட்டுத் தன் அதிகாரத்தைச் செலவிடும் இந்தச் சிக்கலை நார்ம் ஹார்டி 1988இலேயே ஒரு கம்பைலரைக் கொண்டு விளக்கியிருக்கிறார். அந்தப் பயனருக்கு ஒரே ஒரு கணினியைத்தான் ஒதுக்கினோம் என்பது இங்கே எந்தக் காப்பும் தராது.

இயக்குவதையும் வரையறுப்பதையும் பிரிக்கும் கருவிகள் இல்லாமல் இல்லை. 2013இல் வந்த லிப்வர்ட் 1.1.0 பதிப்பிலிருந்து துவக்குதல், நிறுத்துதல், வரையறையை மாற்றுதல் ஆகியவற்றுக்குத் தனித்தனி அனுமதிகள் உண்டு. போல்கிட் என்னும் அனுமதி அமைப்பின் விதிகளால் அவற்றை ஒவ்வொரு கணினிக்கும் வகுக்கலாம். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டை நிர்வாகியே அமைப்புக் கோப்பில் இயக்கிவைக்க வேண்டும். விதியைக் கணினியின் பெயரால் எழுதுவதைவிட யுயுஐடி என்னும் தனித்த அடையாள எண்ணால் எழுதுவது நல்லது. பெயர் அந்த ஹோஸ்டுக்குள் மட்டுமே தனித்தது. நாளை வேறொரு கணினிக்கு அதே பெயர் வரலாம். மெய்நிகர் கணினி மேலாண்மைத் தளமான பிராக்ஸ்மாக்ஸ் இன்னும் தெளிவாகப் பிரிக்கிறது. மின்நிலையை மாற்ற, கன்சோலைத் திறக்க, சிடியை மாற்ற, வட்டை மாற்ற என ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமை. கியூஎமுவுக்கு நேரடியாகக் கட்டளை வரிகளைச் சேர்க்கும் அமைப்பை மட்டும் எந்தப் பாத்திரத்துக்கும் தராமல் ரூட்டுக்கே அது ஒதுக்கியிருக்கிறது. ஹோஸ்டைத் தொடும் இடம் எது என்று அதை வடிவமைத்தவர்கள் அறிந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975இல் வகுத்த குறைந்தபட்ச உரிமைக் கோட்பாடு இங்கே கண்ணுக்குத் தெரியும் வடிவம் பெறுகிறது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, உள்ளே நுழைய எஸ்எஸ்எச் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். கணினி ஒழுங்காக ஓடும்வரை போதும். கெர்னல் உறைந்து நின்றாலோ, பூட் ஆகாமல் போனாலோ எஸ்எஸ்எச்சுக்குப் பதில் வராது. கன்சோலும் ரீசெட்டும் தேவைப்படுவது அப்போதுதான். ஒவ்வொரு பயனரும் லிப்வர்ட்டின் செஷன் முறையில் தம் சொந்த உரிமையிலேயே ஓட்டிக்கொள்ளட்டும் என்பது வலுவான மாற்று. கெர்னலே பயனர்களைப் பிரித்துவிடுவதால் வரையறையில் எதை எழுதினாலும் அந்தப் பயனர் ஏற்கெனவே அணுகக்கூடிய கோப்புகளுக்கு அப்பால் எட்டாது. தனியாள் பயன்பாட்டுக்கு அதையே பரிந்துரைப்பேன். ஆனால் ஹோஸ்டின் நெட்வொர்க் பிரிட்ஜில் இணைய அதற்குத் தனி உதவி நிரல் வேண்டும். பலர் மாறிமாறிப் பார்த்துக்கொள்ளும் கணினிக்கும் அது ஒத்துவராது. மெய்நிகர் கணினிகளை ஓட்டும் ஹைப்பர்வைசரிலேயே ஓட்டை இருக்கும்போது இந்த விதிகளால் என்ன பயன் என்ற கேள்வியும் உண்டு. 2015இல் வெளியான வெனம், கியூஎமுவின் ஃபிளாப்பி கட்டுப்படுத்தியில் இருந்த பிழை. உள்ளிருந்து வெளியேற அது வழிவிடக்கூடியது. அது பேட்ச் போட்டு அடைக்கப்பட்டது. வரையறுக்கும் உரிமையை அள்ளிக் கொடுப்பதோ பிழையல்ல, நிர்வாகியின் முடிவு. எந்தப் பேட்ச்சும் அதை அடைக்காது.

இயக்கும் உரிமை முற்றிலும் பாதிப்பற்றது என்றும் கொள்ளக்கூடாது. கன்சோலும் சிடி மாற்றும் உரிமையும் ஒருவரிடம் சேர்ந்தால், மீட்பு ஐஎஸ்ஓவில் பூட் செய்து உள்ளிருக்கும் ரூட் கடவுச்சொல்லை அவர் மாற்றிவிடலாம். கணினியின் உள் நிர்வாகி வேறொருவர் என்றால் இந்த இரண்டையும் ஒரே கையில் தரக்கூடாது, அல்லது வட்டை உள்ளிருந்தே மறையாக்கம் செய்திருக்க வேண்டும். பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புவது இதைவிட நுட்பமான அபாயம். நீக்கிய பயனர் கணக்கும் அடைத்த பாதுகாப்பு ஓட்டையும் அதோடு உயிர்பெற்றுவிடும். இடையில் பதிவான லாகுகள் அழிந்துபோகும். பிராக்ஸ்மாக்ஸ் ஸ்னாப்ஷாட் எடுப்பதற்கும் அதற்குத் திரும்புவதற்கும் வேறுவேறு உரிமைகள் வைத்திருப்பது இதனால்தான் பொருத்தமாகிறது. முதலாவதைப் பயனருக்குத் தாராளமாகத் தரலாம். இரண்டாவதை அந்தக் கணினியின் லாகுகளுக்குப் பொறுப்பேற்பவரிடம் மட்டும் விடவேண்டும்.