இன்டர்நெட்டைச் சுத்தல்ல விடும் ‘ரூட்டிங் லூப்’... எப்படி வருது? தடுப்பது எப்படி?

திருக்கழுக்குன்றத்தில் ‘செங்கல்பட்டு செல்ல மாமல்லபுரம் வழி’ என்று ஒரு போர்டு. மாமல்லபுரத்தில் ‘செங்கல்பட்டு செல்ல திருக்கழுக்குன்றம் வழி’ என்று இன்னொரு போர்டு. இப்படி வைத்தால் என்ன ஆகும்? ஊருக்குப் புதுசா வந்தவர் பெட்ரோல் தீரும்வரை இரண்டுக்கும் நடுவே சுத்த வேண்டியதுதான். ரோட்டில் இப்படி நடக்காது. ஆனால், நெட்வொர்க்கில் நடக்கும். அதுதான் ரூட்டிங் லூப்.

மாமல்லபுரம் போகும் ஓ.எம்.ஆர். சாலையில், செங்கல்பட்டு மாவட்டம் சிறுசேரி சிப்காட்டில் ஐ.டி. நிறுவனங்களும் டேட்டா சென்டர்களும் இயங்குகின்றன. இப்படிப்பட்ட இடங்களில் வழிகாட்டி போர்டு வேலையைப் பார்ப்பது ரவுட்டர்கள்.

லூப் எப்படி உருவாகுது?

ரவுட்டர்கள் வழியைப் பகிர்ந்துகொள்ளும் முறைகள் பல. ரிப், ஓ.எஸ்.பி.எஃப்., பி.ஜி.பி. ஆகியவை அவற்றில் சில. இரண்டு கம்பெனிகள் இணையும்போது ஒன்றில் ரிப், மற்றொன்றில் ஓ.எஸ்.பி.எஃப். இருக்கலாம். ஒன்றின் வழிகளை மற்றொன்றுக்குச் சொல்லிக்கொடுப்பதே ரீடிஸ்ட்ரிபியூஷன்.

எல்லையில் ஒரே ரவுட்டர் என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. இரண்டு இருந்தால்தான் வம்பு. ரிப் பக்கத்து வழியை முதல் ரவுட்டர் ஓ.எஸ்.பி.எஃப். பக்கம் சொல்லும். அதைக் கேட்கும் இரண்டாவது ரவுட்டர், புது வழி என்று நினைத்து மீண்டும் ரிப் பக்கமே அனுப்பிவிடும்.

காரணம், நம்பிக்கை மதிப்பெண். சிஸ்கோ ரவுட்டர்களில் ஓ.எஸ்.பி.எஃப்.க்கு 110, ரிப்புக்கு 120. எண் குறைந்தால் நம்பிக்கை அதிகம். அதனால் நேரில் தெரிந்த வழியை விட்டுவிட்டு, சுத்தி வந்த தகவலை அது நம்பும். திரும்பி வந்த வழி ‘கிட்டத்தில்’ இருப்பதாகக் காட்டினால் முதல் ரவுட்டரும் ஏமாறும். லூப் ரெடி!

டேட்டா என்ன ஆகும்?

ஒவ்வொரு பாக்கெட்டிலும் டி.டி.எல். என்ற எண் உண்டு. அதிகபட்சம் 255. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும். பூஜ்யமானால் பாக்கெட் தூக்கி எறியப்படும். அதுவரை லைன் நெரிசலில் திணறும்.

தடுப்பது எப்படி?

* டேக்: வழியை மறுபக்கம் அனுப்பும்போதே ஒரு முத்திரை எண் குத்த வேண்டும். அந்த எண்ணோடு வருவதைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று இரண்டு ரவுட்டரிலும் சொல்லிவைக்க வேண்டும்.
* ஃபில்டர்: பட்டியலில் உள்ள வழிகளை மட்டும் அனுமதிக்கலாம்.
* மதிப்பெண் மாற்றம்: வெளியிலிருந்து வந்த வழிக்கு நம்பிக்கையைக் குறைக்கலாம்.
* ஒருவழிப் பாதை: ஒரு பக்கம் மட்டும் வழிகளைப் பகிர்ந்து, மறுபக்கத்துக்கு ஒரே ஒரு பொதுவழி கொடுக்கலாம்.

உலக இணையத்தை இணைக்கும் பி.ஜி.பி.யில், வழி கடந்து வந்த நெட்வொர்க்குகளின் எண்கள் வரிசையாக இருக்கும். அதில் தன் எண்ணைப் பார்த்தால் ரவுட்டர் அந்த வழியை ஏற்காது.

அந்த வரிசை அழிந்தால்?

1997 ஏப்ரல் 25 அன்று அமெரிக்காவில் 7007 என்ற எண் கொண்ட நெட்வொர்க், மற்றவர்களிடம் கேட்ட வழிகளைத் துண்டு துண்டாக்கி, பழைய வரிசை இல்லாமல் தன்னுடையதுபோல அறிவித்தது. சின்னத் துண்டுக்கே முன்னுரிமை என்பதால் டிராஃபிக் அங்கே குவிந்து, இணையத்தின் பெரும்பகுதி தடுமாறியது.

இந்தியாவிலும் வழி தவறிய சம்பவம் உண்டு. 2021 ஏப்ரல் 16 அன்று வோடஃபோன் ஐடியா நெட்வொர்க்கிலிருந்து 30,000-க்கும் மேற்பட்ட தவறான வழிகள் வெளியாயின. இது லூப் இல்லை, ‘ரூட் லீக்’ வகை. ஆனால் பாடம் ஒன்றுதான்: காதில் விழுந்ததையெல்லாம் வடிகட்டாமல் அடுத்தவருக்குச் சொல்லக் கூடாது. ரவுட்டருக்கும் அதே விதிதான்!