கொள்ளைநோய் பெற்ற புறநகர்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் கோட்டையையும் கோபுரத்தையும் முதலில் நாடுவர். புறநகருக்கு இவ்விரண்டும் இல்லை. அதன் வரலாறு தண்ணீர்க் குழாயிலும் கழிநீர்க் கால்வாயிலும், காலை இரயிலிலும் மாலைக் காய்கறிக் கடையிலும் எழுதப்பட்டிருக்கிறது. அத்தகைய வரலாறு ஒன்றை, பம்பாயின் மாதுங்காவைச் சான்றாகக் கொண்டு, நேயர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறோம். அந்நகரின் பெயர் 1995-ஆம் ஆண்டு மும்பை என மாறியது. நாம் பேசப்போகும் காலத்தின் பெரும்பகுதியில் அது பம்பாயாகவே இருந்தமையால், அப்பெயரையே இங்கு ஆளுகிறோம்.

1896-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். துறைமுகத்தை அடுத்த மாண்டவிப் பகுதியில், பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவியிருப்பதை டாக்டர் வீகாஸ் கண்டறிந்தார். சில மாதங்களுக்குள் மக்கள் கூட்டம் கூட்டமாக நகரைவிட்டு வெளியேறினர். ஆலைகளுக்கும் துறைமுகத்துக்கும் ஆள் கிடைப்பது அரிதாயிற்று. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகிறது என்னும் உண்மை அப்போது நிலைநாட்டப்படவில்லை. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான வீடுகளே நோயின் இருப்பிடம் என்று ஆட்சியாளர் கருதினர். அக்கருத்தின் விளைவாக 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது.

டிரஸ்டின் பணி இருவகைப்பட்டது. நெருக்கடியான பகுதிகளை இடித்து, கடற்காற்று உள்ளே புகும்படி அகன்ற சாலைகள் அமைப்பது ஒன்று. சாண்டர்ஸ்ட் சாலை அவ்வாறு பிறந்ததே. வடக்கே தாதர், மாதுங்கா, சயான் பகுதிகளில் இருந்த வயல்களையும் தோப்புகளையும் கையகப்படுத்திப் புதிய குடியிருப்புகளை உண்டாக்குவது மற்றொன்று. சாலையும் வடிகாலும் முதலில். வீடு பின்னர் என்பது அங்கே முறையாயிற்று. வெளிச்சத்துக்கும் ஓர் அளவு வகுத்தார்கள். சன்னலின் அடியிலிருந்து எதிர்க் கட்டடத்தின் உச்சிக்கு ஒரு கோடு இழுத்தால், அதன் சாய்வு 63½ பாகைக்கு மேற்படலாகாது. எளிய சொற்களில் கூறினால், எதிர்க் கட்டடத்தின் உயரம் இடையிலுள்ள வெற்றிடத்தைப் போல் இருமடங்கைத் தாண்டக்கூடாது. இன்றும் மாதுங்காவின் பழைய தெருக்களில் நடப்போருக்குத் தலைக்கு மேலே வானம் அகலமாகத் தெரிகிறதென்றால், அதற்கு இவ்வகை விதிகளே காரணம்.

ஆனால் அந்த வானம் யாருக்குக் கிடைத்தது என்னும் கேள்வியை வரலாறு தவிர்க்க இயலாது. இடிக்கப்பட்ட வீடுகளில் வாழ்ந்தவர்கள் ஆலைத் தொழிலாளரும் சுமைகூலிகளும். வேலைக்கு அருகில் குடியிருக்க வேண்டிய அவர்களால் தொலைவிலுள்ள புறநகரின் வாடகையையும் பயணச் செலவையும் தாங்க முடியவில்லை. டிரஸ்ட் சில சால்களைக் கட்டித் தந்ததேனும், இடித்த அளவுக்கு அது கட்டவில்லை. ஆகவே அவர்கள் மற்றொரு நெருக்கடியான தெருவுக்கே சென்றனர். அரசுக் கோப்புகளை மொழிபெயர்க்கும் நம் போன்றோருக்கு 'அப்புறப்படுத்துதல்' என்பது நாள்தோறும் கையாளும் சொல். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னே பாத்திரம் பண்டங்களைச் சுமந்து நடக்கும் குடும்பங்கள் பல உள்ளன என்பதை மாதுங்காவின் வரலாறு நமக்கு நினைவூட்டுகிறது.

புதிய மனைகள் நெடுங்காலம் வெறுமையாகவே கிடந்தன. 1920-களில்தான் கட்டடங்கள் விரைந்து எழுந்தன. 1925 பிப்ரவரி 3-ஆம் நாள் விக்டோரியா டெர்மினசுக்கும் குர்லாவுக்கும் இடையே நாட்டின் முதல் மின்சார இரயில் ஓடியது; அடுத்த சில ஆண்டுகளில் ஏனைய புறநகர்ப் பாதைகளும் மின்மயமாயின. தாதர் வழியாகக் கிங்ஸ் சர்க்கிள் வரை டிராம் வந்தது. டிரஸ்டில் பொறியாளராயிருந்த மஞ்சேர்ஜி ஜோஷி, நடுத்தரப் பார்சிக் குடும்பங்களுக்கென மனைகளை ஒதுக்கச் செய்து பார்சிக் குடியிருப்பை உருவாக்கினார். ஆங்கிலமும் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று, கோட்டைப் பகுதியின் அலுவலகங்களில் வேலை தேடி வந்த தமிழரும் ஏனைத் தென்னாட்டவரும் மாதுங்காவில் குடியேறினர்.

அங்கே அவர்கள் கண்டது புதுவகை வீடு. பழைய சால்களில் ஓர் அறையே குடும்பத்தின் உலகம். குழாயும் கழிப்பிடமும் பொது. மாதுங்காவின் அடுக்கு வீடுகளிலோ சமையலறை, குளியலறை, கழிப்பிடம் மூன்றும் கதவுக்குள்ளேயே அமைந்தன. சமைக்கும் கூரையின் கீழே கழிப்பிடமா என்று ஆசாரமுடைய குடும்பங்கள் தயங்கின. நீரால் அலசும் கழிப்பிடமும் நிலத்தடிக் கால்வாயும் அத்தயக்கத்தைச் சிறிது சிறிதாகப் போக்கின. சாலில் குழாயடியிலும் நடைக்கூடத்திலும் அமைந்த அயலார் பழக்கம், கதவை மூடிக்கொள்ளும் வீட்டில் தானாக அமைவதன்று. அதை முயன்றே ஆக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

அம்முயற்சியே மாதுங்காவின் சிறப்பு. மணமாகாத இளைஞர் பலர் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, உணவு விடுதிகளில் மாதக் கணக்கில் உண்டனர். இரயில் நிலையத்தருகே 1942-இல் தொடங்கிய ராம நாயக்கின் உடுப்பி விடுதி இன்றளவும் புகழ் பெற்றது. வாழையிலை, கறிவேப்பிலை, காப்பிப்பொடி, கட்டிய மல்லிகைச் சரம் ஆகியவற்றுக்கெல்லாம் கடைகள் எழுந்தன. குழந்தைகள் வளர்ந்தபோது பள்ளி தேவைப்பட்டது. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. பஜனைக்குக் கூடியவர்கள் கோயில் கண்டனர். இசையை விரும்பியவர்கள் 1952-இல் சண்முகானந்த சபையை நிறுவினர். அதன் பேரரங்கம் 1963-இல் திறக்கப்பட்டது. 1990-இல் தீ அதனை அழித்தபோதும், 1998-இல் அது மீண்டும் எழுந்தது. இவற்றுள் ஒன்றேனும் டிரஸ்டின் வரைபடத்தில் இருந்ததில்லை.

எனினும் தனக்கென ஓர் உலகத்தை அமைத்துக்கொள்ளும் கூட்டம், சுற்றியுள்ளோர் பார்வையில் அயலாகத் தோன்றும் இடரும் உண்டு. 1966-இல் தொடங்கிய சிவசேனை இயக்கம், அலுவலக வேலைகள் தென்னாட்டவர் கைக்குச் செல்கின்றன என்று குறை கூறிற்று. அந்நாட்களில் உடுப்பி உணவுக் கடைகள் சில தாக்கப்பட்டன. மாதுங்கா கலையவில்லை. மராத்தியர், குஜராத்தியர், கட்சியர், பார்சியர், தென்னாட்டவர் ஆகிய அனைவரும் ஒரே சந்தையில் காய் வாங்கி, ஒரே மேடையில் இரயிலுக்குக் காத்திருந்து பழகியவர்கள். அவ்வன்றாடப் பழக்கமே வலிய பாதுகாப்பு என்று கருத இடமுண்டு.

டிராம் 1964 மார்ச் 31-உடன் நின்றது. இளைய தலைமுறையினர் பலர் செம்பூருக்கும் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் பெயர்ந்தனர். 2017-இல் மாதுங்கா இரயில் நிலையம் முழுவதும் பெண்களே பணிபுரியும் நிலையமாயிற்று. பழைய கட்டடங்களை இடித்து உயர்ந்த மாடங்கள் எழுப்பப்படுகின்றன. 63½ பாகை வகுத்தோர் எழுப்பிய காற்று, வெளிச்சம் பற்றிய கேள்வி மீண்டும் எழுகிறது.

இந்நாட்டில் நாள்தோறும் புதிய புறநகர்கள் தோன்றுகின்றன. சாலையும் குழாயும் அமைப்பது ஆட்சியின் கடமை. அவ்விடத்தை ஊராக்குவது குடியிருப்போர் கூடிச் செய்யும் பணி. இவ்விரண்டோடு மூன்றாவது ஒன்றையும் மாதுங்கா கற்பிக்கிறது: புதிய ஊருக்கு இடம் விட்டு அகன்றவர்கள் எங்கே சென்றனர் என்று கேட்கும் பொறுப்பு, அங்கே நல்ல காற்றைச் சுவாசிக்கும் நம் அனைவருக்கும் உண்டு.