கிறிஸ்துமஸ் காலையை யார் ஆரம்பிச்சு வெச்சது?

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம். அதனால எழுதி நாளாச்சு. நடுவுல வீட்டுல ஒரு சின்ன சம்பவம். அதைச் சொல்லிட்டுத்தான் சரித்திரத்துக்குள்ள போகணும், பொறுத்துக்குங்க.

நாங்க இருக்கறது பாஸ்டன் பக்கத்துல ஒரு ஊர். பொண்ணு இரண்டாம் வகுப்பு படிக்கும்போது டிசம்பர் மாசம் பள்ளிக்கூடத்துல ஒரு தாள் கொடுத்து விட்டாங்க. கிறிஸ்துமஸ் காலையில உங்க வீட்டு வழக்கம் என்ன, படம் வரைஞ்சு ஒரு வரி எழுதுன்னு. அவளும் வரைஞ்சா. கட்டில்ல தலை வரைக்கும் போர்த்திக்கிட்டு அப்பா தூங்கறார். பக்கத்துல அம்மா போன்ல பேசறாங்க. கீழே எழுதியிருந்த வரி: எங்க வீட்டில் வழக்கம் எதுவும் கிடையாது.

அவ வருத்தப்பட்டெல்லாம் எழுதலை. இருக்கறதை எழுதினா, அவ்வளவுதான். தங்கமணி அதை ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சுட்டாங்க. தண்ணி குடிக்கப் போகும்போதெல்லாம் எனக்குச் சுருக்குன்னு இருக்கும். தீபாவளின்னா விடியறதுக்கு முன்னாடி எழுப்பி உச்சந்தலையில எண்ணெய் வெச்ச வீட்டுல வளர்ந்தவன் நான். தெருவுல எதிர்ல வர்றவங்க எல்லாம் 'கங்கா ஸ்நானம் ஆச்சா?'ன்னு கேட்பாங்க. இங்கே டிசம்பர் 25 அன்னிக்கு ஊரே அடைச்சுக் கிடக்கும். கடை கிடையாது, ஆபீஸ் கிடையாது. எல்லா வீட்டுலயும் ஏதோ ஒண்ணு நடக்குது, நம்ம வீட்டுல மட்டும் குறட்டை.

சரி, நாமளும் ஒரு வழக்கத்தை ஆரம்பிப்போம்னு தோணிச்சு. உடனே ஒரு சந்தேகம். ஆரம்பிச்சா அது வழக்கமா? வழக்கம்னா பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து வரணும் இல்லையா? இவங்களுக்கெல்லாம் எத்தனை நூற்றாண்டாத்தான் வருதுன்னு பாக்கலாமேன்னு நூலகத்துல புத்தகம் எடுத்துப் படிக்க ஆரம்பிச்சேன். முதல்லயே தூக்கிவாரிப் போட்டுது. நான் குடியிருக்கற இதே மாகாணத்துல ஒரு காலத்துல கிறிஸ்துமஸ் கொண்டாடினா அபராதம்!

1659ல மாசசூசெட்ஸ் பே காலனியில ஒரு சட்டம் போட்டாங்க. கிறிஸ்துமஸ்னு சொல்லி வேலைக்குப் போகாம இருந்தாலோ, விருந்து சாப்பிட்டாலோ 5 ஷில்லிங் கட்டணும். 1681ல தான் அந்தச் சட்டத்தை எடுத்தாங்க. போட்டவங்க வேற மதத்துக்காரங்க இல்லை, பக்தியில ஊறின பியூரிட்டன் கிறிஸ்தவங்கதான். இங்கிலாந்துலயும் இதே கூட்டம் நாடாளுமன்றத்துல பலமா இருந்தப்ப, 1647ல கிறிஸ்துமஸை ரத்து பண்ணிச்சு. கான்டர்பரியில அந்த டிசம்பர்ல பெரிய கலவரமே நடந்துது.

ஏன் இவ்வளவு கோபம்? பைபிள்ல இயேசு பிறந்த தேதியே கிடையாதுங்கறது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் எனக்கு சுவாரசியமா இருந்துது. அந்தக் காலத்துக் கிறிஸ்துமஸ் வீட்டுப் பண்டிகையே இல்லை, தெருப் பண்டிகை. டிசம்பர்ல விவசாய வேலை முடிஞ்சிருக்கும். குளிர்காலத்துக்குன்னு ஆடு மாடு அடிச்சிருப்பாங்க, புது பீர் தயாரா இருக்கும். ஏழைங்க கூட்டமா பாட்டுப் பாடிக்கிட்டு பணக்காரன் வீட்டு வாசல்ல போய் நிப்பாங்க. வீட்டுக்காரன் கதவைத் திறந்து, இருக்கறதுல நல்ல சாப்பாடும் நல்ல சரக்கும் கொடுக்கணும். கொடுக்கலைன்னா ரகளை. வருஷம் பூரா கைகட்டி நின்னவன் ஒரு நாள் உரிமையோட கேக்கற நாள் அது. இதுல குழந்தைங்களுக்குன்னு தனியா ஒண்ணும் கிடையாது. காலைக்கும் தனி மரியாதை இல்லை. முதல் நாள் குடிச்சது தெளியற நேரம், அவ்வளவுதான் :-)

1621ல பிளிமத்துல நடந்த ஒரு கதை இருக்கு. பாஸ்டனுக்குத் தெற்கே, கார்ல ஒரு மணி நேரம். அப்ப வில்லியம் பிராட்ஃபோர்டுங்கறவர்தான் கவர்னர். கிறிஸ்துமஸ் அன்னிக்கு வழக்கம்போல எல்லாரையும் வேலைக்குக் கூப்பிட்டார். புதுசா கப்பல்ல வந்தவங்க சில பேர், இன்னிக்கு வேலை செய்ய எங்க மனசாட்சி இடம் கொடுக்கலைன்னு சொன்னாங்க. மனுஷன் பெருந்தன்மையா, சரி இருங்கன்னு விட்டுட்டு மத்தவங்களோட வேலைக்குப் போனார். மதியம் திரும்பி வந்து பாத்தா, மனசாட்சிக்காரங்க நடுத்தெருவுல பந்து விளையாடிக்கிட்டு இருக்காங்க! எல்லாத்தையும் பிடுங்கி வெச்சுக்கிட்டு, பக்தின்னா வீட்டுக்குள்ள இருந்து பண்ணுங்க, தெருவுல கும்மாளம் கூடாதுன்னுட்டார். இதைத் தன் குறிப்புல அவரே சிரிச்சுக்கிட்டே எழுதி வெச்சிருக்கார். வீட்டுக்குள்ள போங்கன்னு அவர் சும்மா விரட்டத்தான் சொன்னார். இருநூறு வருஷம் கழிச்சு நிஜமாவே அப்படித்தான் ஆச்சு.

சட்டம் போன பிறகும் பாஸ்டன் மாறலை. சாமுவேல் சீவல்னு ஒரு நீதிபதி வருஷக்கணக்கா நாட்குறிப்பு எழுதினவர். டிசம்பர் 25 வந்தா, ஊருக்குள்ள வண்டி வந்துதா, கடை திறந்திருக்கான்னு பாத்து, எல்லாம் எப்பவும்போலத்தான்னு திருப்தியா குறிச்சு வெப்பார். கொண்டாடறாங்களான்னு வேவு பாக்கறதே அவரோட கிறிஸ்துமஸ் வழக்கம்னு சொல்லலாம்.

இப்ப நியூயார்க். 1800களோட ஆரம்பம். ஊர் வேகமா வளருது, குளிர்காலத்துல வேலையில்லாத கூட்டம் ஜாஸ்தி. கிறிஸ்துமஸ்லேர்ந்து புத்தாண்டு வரைக்கும் தகரம், தாரை, கொம்புன்னு அடிச்சு ஊதிக்கிட்டு ராத்திரி பூரா ஊர்வலம் போவாங்க. பழைய கிராமத்துல வாசல்ல நின்னு கேட்டவன் தெரிஞ்ச முகம். நகரத்துல யாருன்னே தெரியாது. பணக்காரங்களுக்குப் பயம் வந்துடுச்சு.

ஜான் பின்டார்டுன்னு ஒரு வியாபாரி. நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தை ஆரம்பிச்சவர்கள்ல முக்கியமானவர். தன் மகளுக்கு அவர் எழுதின கடிதங்கள் புத்தகமாவே வந்திருக்கு. சத்தத்துல தூங்க முடியலைன்னு அதுல புலம்பியிருக்கார். இந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஏன்னா இவரும் என்னை மாதிரியே 'ஒரு வழக்கம் வேணுமே'ன்னு அலைஞ்ச ஆளு. நம்ம ஊரை ஆரம்பத்துல ஆண்டது டச்சுக்காரங்க, அவங்களுக்கு செயின்ட் நிக்கலஸ்னு ஒருத்தர் உண்டு, அவரைப் பிடிப்போம்னு முடிவு பண்ணினார். 1810 டிசம்பர் 6, நிக்கலஸோட நாள் அன்னிக்கு, ஒரு விருந்து வெச்சு, படம் போட்ட தாள் ஒண்ணு அச்சடிச்சுக் கொடுத்தார். ஒரு பக்கம் செயின்ட் நிக்கலஸ். இன்னொரு பக்கம் கணப்படுப்பு மேல தொங்கற காலுறைகள், பரிசு கிடைச்ச நல்ல பிள்ளை, கிடைக்காம அழற பிள்ளை. ஆனா டிசம்பர் 6ங்கற தேதி அமெரிக்க வீடுகள்ல நிலைக்கலை.

1821ல நியூயார்க்ல வந்த ஒரு சின்னக் குழந்தைப் புத்தகம், பரிசு கொண்டு வர்றவரை கலைமான் வண்டியில ஏத்தி, டிசம்பர் 24 ராத்திரிக்கு மாத்திடுச்சு. ரெண்டே வருஷம். 1823 டிசம்பர் 23, ட்ராய்ங்கற ஊர்ல வந்த 'சென்டினல்' பத்திரிகையில பேர் போடாம ஒரு கவிதை. செயின்ட் நிக்கலஸ் வருகைன்னு தலைப்பு. எழுதினது கிளெமென்ட் மூர்னு பிறகு சொன்னாங்க. 1844ல அவரே தன் தொகுப்புல சேத்துக்கிட்டார். இல்லை, லிவிங்ஸ்டன்னு வேற ஒருத்தர் எழுதினதுன்னு ஒரு வழக்கு இன்னும் ஓடுது. மூர் மன்ஹாட்டன்ல இப்ப செல்சின்னு சொல்றாங்களே, அந்த இடம் பூரா சொந்தமா வெச்சிருந்த பெரிய நிலக்காரர். தன் நிலத்து வழியா ரோடு போடறாங்கன்னு கோபப்பட்டு 1818ல ஒரு துண்டுப் புத்தகமே போட்டவர். ஊர் தன் வாசலுக்கு வர்றது பிடிக்காத ஆளுன்னு வெச்சுக்குங்களேன்.

அந்தக் கவிதையில என்ன நடக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க. ராத்திரி வெளியே சத்தம் கேக்குது. ஒருத்தர் கேக்காமலே வீட்டுக்குள்ள வர்றார். பழைய கிறிஸ்துமஸேதான்! ஆனா வர்றவர் எதுவும் கேக்கலை, கொடுத்துட்டுப் போறார். கதவு கூடத் திறக்க வேண்டாம். குழந்தைங்க தூங்கறாங்க. தூங்கினாத்தான் அவர் வருவார். அப்ப பரிசை எப்ப பாப்பாங்க? காலையில. கிறிஸ்துமஸ் காலைங்கறது இப்படித்தான் பிறந்துது. ராத்திரியை அமைதியாக்கணும்னா விடியலுக்கு ஒரு ஆசை காட்டணும்.

ஸ்டீபன் நிஸ்ஸன்பாம்னு ஒரு வரலாற்று ஆசிரியர் 1996ல 'தி பேட்டில் ஃபார் கிறிஸ்துமஸ்'னு புத்தகம் எழுதியிருக்கார். வாசல்ல நின்னு உரிமையோட கேட்ட ஏழைங்க இருந்த இடத்துல, வீட்டுக்குள்ள இருக்கற சொந்தக் குழந்தைங்களை உக்கார வெச்சுட்டாங்கங்கறது அவர் வாதம். படிச்சப்ப எனக்குக் கொஞ்சம் கசந்துது. ஆனா மறுக்கவும் முடியலை. 1868ல வந்த 'லிட்டில் விமன்' நாவலைப் பாருங்க. எழுதின லூயிசா மே ஆல்காட் இங்கே பக்கத்து ஊரான கான்கார்டுல இருந்தவங்க. கதையில நாலு பொண்ணுங்க கிறிஸ்துமஸ் காலையில தங்களோட சாப்பாட்டைத் தூக்கிட்டுப் போய் பசியில கிடக்கற ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பாங்க. அழகான காட்சிதான். இருந்தாலும் ஏழை வாசலுக்கு வந்து கேட்டது போய், நாம போய்க் கொடுக்கறதுன்னு ஆயிடுச்சு பாருங்க.

தெற்கு மாகாணங்கள்ல கதையே வேற. அங்கே கிறிஸ்துமஸ் காலையில ஒரு விளையாட்டு. ஒருத்தரை ஒருத்தர் பாத்ததும் 'கிறிஸ்துமஸ் பரிசு!'ன்னு யார் முதல்ல கத்தறாங்களோ, அவங்களுக்கு மத்தவர் ஏதாவது கொடுக்கணும். அடிமைகள் விடியக்காலையிலேயே எஜமான் வீட்டுப் பக்கம் காத்திருந்து கத்துவாங்க. வருஷத்துல அவங்க ஜெயிக்கற ஒரே விளையாட்டு. ஆனா அந்த விடுமுறையோட நோக்கத்தை ஃபிரெடரிக் டக்ளஸ் 1845ல போட்டு உடைச்சார். அவரே அடிமையா இருந்து தப்பிச்சவர். கிறிஸ்துமஸ்லேர்ந்து புத்தாண்டு வரைக்கும் கொடுக்கற லீவு கருணை இல்லை, கலகம் வராம இருக்க ஆவியை வெளியே விடற வழின்னு எழுதினார். ஜனவரி 1 பல இடங்கள்ல அடிமைகளை வாடகைக்கு விடற நாள். ஹாரியட் ஜேக்கப்ஸ் 1861ல வந்த தன் வரலாற்றுல, புத்தாண்டு விடிஞ்சா தன் பிள்ளைங்க தன்கிட்ட இருக்குமோ இருக்காதோன்னு உக்காந்திருக்கற தாயைப் பத்தி எழுதியிருக்காங்க. ஒரு வாரம் கழிச்சு யார் எங்கே போவாங்கன்னு தெரியாத குடும்பத்துக்கு அந்தக் காலை என்னவா இருந்திருக்கும்? இந்தப் பக்கத்தோட புத்தகத்தை மூடி வெச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

மத்ததெல்லாம் சீக்கிரம் சொல்லிடறேன். மரம் ஜெர்மனி சரக்கு. விக்டோரியா ராணி குடும்பம் மரத்தைச் சுத்தி நிக்கற படம் 1848ல லண்டன் பத்திரிகையில வந்துது. 1850ல ஒரு அமெரிக்கப் பெண்கள் பத்திரிகை அதே படத்துல ராணியோட கிரீடத்தையும் ஆல்பர்ட்டோட மீசையையும் அழிச்சுட்டு அமெரிக்கக் குடும்பமாக்கிப் போட்டுது! ஜெர்மனியில இன்னிக்கும் பரிசு 24ந்தேதி சாயங்காலம்தான், காலை இல்லை. எங்க மாசசூசெட்ஸ் 1856ல கிறிஸ்துமஸை விடுமுறை ஆக்கிச்சு. மத்திய அரசு 1870ல.

காலையில பிள்ளைங்க பரபரன்னு கிழிக்கற வண்ணக் காகிதம் இருக்கே, அது இன்னும் புதுசு. 1917ல கான்சஸ் சிட்டியில ஹால் சகோதரர்கள் கடையில மெல்லிசுக் காகிதம் தீந்துபோச்சு. உறைக்கு உள்பக்கம் ஒட்டறதுக்குன்னு வெச்சிருந்த பூப்போட்ட பிரெஞ்சுக் காகிதத்தை எடுத்து வித்தாங்க. பறந்துடுச்சு. மறு வருஷமும் அதேதான். அந்தக் கடைதான் ஹால்மார்க். ஒட்டறதுக்கான ஸ்காட்ச் டேப் வந்தது 1930ல. சரக்குத் தீந்துபோனதுல ஒரு வழக்கம்!

இதெல்லாம் படிச்ச தைரியத்துல நானும் களத்துல இறங்கினேன். முதல் வருஷம் காலுறை வாங்கி மாட்டினேன். நாங்க இருக்கறது அடுக்குமாடி, கணப்படுப்பு கிடையாது, ஹீட்டர் மேல தொங்க விட்டேன். உள்ளே வெச்ச சாக்லேட் உருகி வழிஞ்சுது. பிறகு பேன்கேக். அடியில கரி, நடுவுல மாவு. கடை எல்லாம் மூடியிருக்கு, ரொட்டியும் இல்லை. தங்கமணி மறுநாளைக்குன்னு அரைச்சு வெச்சிருந்த அடை மாவை எடுத்தாங்க. அடுப்பு பக்கத்துலயே நின்னுக்கிட்டு மூணு பேரும் வெல்லம் தொட்டுச் சாப்பிட்டோம். ஏழரை மணிக்கு ஊருக்குப் போன். அங்கே சாயங்காலம் ஆறு, அம்மா விளக்கேத்தற நேரம்.

அடுத்த வருஷமும் அடை. அதுக்கடுத்த வருஷமும். இப்ப பொண்ணு ஆறாவது. போன டிசம்பர்ல, ஒரு மாறுதலுக்குப் பூரி பண்ணலாமான்னு சும்மா கேட்டேன். நிமிர்ந்து பாத்தா பாருங்க, பிராட்ஃபோர்டு கவர்னர் கூட அப்படிப் பாத்திருக்க மாட்டார். "கிறிஸ்துமஸுக்கு யாராவது பூரி பண்ணுவாங்களாப்பா?"

அன்னிக்குக் காலையில அடுப்புல கல்லு காயும்போதே போன் அடிச்சுது. வழக்கமா நாங்கதான் கூப்பிடுவோம், அன்னிக்கு அம்மாவே கூப்பிட்டாங்க. எடுத்ததும் முதல் கேள்வி:

"என்னடா, அடை ஆச்சா?"