கருவுற்ற தாயும் அயோடினும்

கருவுற்ற பெண்ணுக்கு அயோடின் நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு கிராமில் நாலாயிரத்தில் ஒரு பங்குதான். இந்தச் சிறு அளவும் கிடைக்காத மலைநாடுகளில், காது கேளாமல், பேச்சு வராமல், உடலும் அறிவும் வளராமல் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகப் பிறந்தன. இக்குறைபாடு கிரெட்டினிசம் எனப்படுகிறது.

பனியாறுகளும் மழையும் மலைமண்ணின் அயோடினை அரித்துச் சென்றுவிடுவதால், அங்கு விளையும் உணவிலும் அது குறைவு. சுவிட்சர்லாந்தில் 1918இல் ஓட்டோ பாயார்ட் என்ற மருத்துவர் கிரேச்சன் என்னும் மலையூரில் உப்பில் அயோடின் கலந்து கொடுத்துப் பார்த்தார். 1922இல் மருத்துவர் ஹான்ஸ் எக்கென்பெர்கரின் முயற்சியால் அத்தகைய உப்பு அப்பென்செல் பகுதியில் விற்பனைக்கு வந்தது. கழுத்துக் கழலை குறைந்தது; கிரெட்டினிசப் பிறப்புகளும் அருகின. ஆனால் அதே காலத்தில் சாலைகளும் வெளியூர் உணவும் மலைக்கு வந்திருந்தன. ஆகவே மாற்றத்துக்கு உப்புதான் காரணமா என்ற ஐயம் நெடுங்காலம் நீடித்தது.

ஐயத்தைத் தீர்த்தது பப்புவா நியூ கினியின் ஜிமி பள்ளத்தாக்கு. 1966இல் அங்குள்ள குடும்பங்களில் ஒன்றுவிட்டு ஒன்றுக்கு அயோடின் கலந்த எண்ணெய் ஊசியாகப் போடப்பட்டது. மற்றவற்றுக்கு வெறும் உப்புநீர் ஊசி. பீட்டர் ஃபரோவா, இயன் பட்ஃபீல்டு, பேசில் ஹெட்செல் ஆகியோர் 1971இல் முடிவுகளை வெளியிட்டனர். உப்புநீர் பெற்ற தாய்மாருக்குப் பிறந்த 534 குழந்தைகளில் 26 பேருக்குக் கிரெட்டினிசம் இருந்தது. அயோடின் பெற்ற தாய்மாரின் 498 குழந்தைகளில் 7 பேருக்கு மட்டுமே இருந்தது.

அந்த ஏழு பேரைப் பற்றிய விவரமே ஆய்வின் மிக முக்கியமான பகுதி எனலாம். அவர்களில் ஆறு பேரின் தாய்மார், ஊசி போட்ட நாளிலேயே கருவுற்றிருந்தனர். அதாவது அயோடின் கிடைத்தது, ஆனால் காலங்கடந்து கிடைத்தது. (பயனுள்ள மருந்தைப் பாதிக் குடும்பங்களுக்குக் கொடுக்காமல் விட்டது இன்றைய ஆய்வு நெறிகளின்படி எளிதில் ஒப்புதல் பெறாது.)

கருவின் தைராய்டு சுரப்பி முதல் மாதங்களில் போதிய ஹார்மோனைச் சுரப்பதில்லை. அப்போது மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோனே துணை. தாய் தான் கருவுற்றிருப்பதை அறிந்து மருத்துவரைப் பார்ப்பதற்குள் இக்காலத்தில் ஒரு பகுதி கழிந்துவிடுகிறது. அதனால்தான் மருந்தாக அல்லாமல், எல்லோரும் அன்றாடம் உண்ணும் உப்பில் அயோடினைச் சேர்க்கும் வழி உலகெங்கும் பரவியது.

இந்தியாவில் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் 1956இல் தொடங்கிய உப்பு ஆய்வு இதற்கு வழிகாட்டியது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. கடலுப்பில் இயல்பாகவே அயோடின் நிறைந்திருக்கும் என்று பலர் எண்ணுவது தவறு. தூத்துக்குடி உப்பளத்து உப்பாயினும் பொட்டாசியம் அயோடேட் சேர்த்தால்தான் பயன். நுகர்வோர் கைக்கு வரும்போது ஒரு கிலோ உப்பில் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் 10 கிராம் உப்பில் கிடைப்பது 150 மைக்ரோகிராம். கருவுற்ற தாய்க்கு எஞ்சியதைக் கடல்மீன், முட்டை, பால் போன்ற உணவுகள் தரக்கூடும்.