அரியான் 5: சோதிக்காமல் விட்ட ஓர் எண்

வந்துசேரும் மதிப்பை அப்படியே நம்பாமல், பயன்படுத்துமுன் சோதித்துப் பார்ப்பதைத் தற்காப்பு நிரலாக்கம் என்பார்கள். மாறிகளின் வகையை முன்னரே அறிவிக்கச் சொல்லும் கண்டிப்பான மொழிகளில் இது எதற்கு என்று கேட்கலாம். விடை 1996 ஜூன் 4 அன்று கிடைத்தது.

அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து முதன்முறையாகக் கிளம்பிய ஐரோப்பாவின் அரியான் 5 ராக்கெட், சுமார் 40 வினாடிகளில் வெடித்துச் சிதறியது. நான்கு கிளஸ்டர் ஆய்வுச் செயற்கைக்கோள்களும் அழிந்தன.

அதன் வழிகாட்டும் கருவியின் நிரல், வகைக் கண்டிப்புக்குப் பேர்போன ஏடா மொழியில் எழுதப்பட்டது. கிடைவேகத்தைச் சார்ந்த 64 பிட் தசம எண் ஒன்றை அது 16 பிட் முழு எண்ணாக மாற்றியது. 16 பிட்டில் 32,767க்கு மேல் அடங்காது. அரியான் 4க்கு அது போதும். அதே நிரலைச் சுமந்த அரியான் 5இன் கிடைவேகமோ மிக விரைவாகக் கூடியது. எண் எல்லை மீறியது.

ஆபத்துக்குரிய ஏழு மாறிகளில் நான்குக்குக் காவல் இருந்தது. கணினியின் வேலைப்பளு 80 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பதால் மற்ற மூன்றுக்கு இல்லை. பிழை எழுந்ததும் கருவி நின்றது. அதே நிரலை ஓட்டிய மாற்றுக்கருவி சற்று முன்பே நின்றிருந்தது. முதன்மைக் கருவி அனுப்பிய பிழைக்குறிப்பையும் பிரதானக் கணினி பயணத் தகவலாகவே எண்ணி, இல்லாத விலகலைத் திருத்த ராக்கெட்டைத் திருப்பியது. வேதனை என்னவென்றால், கிளம்பியபின் அந்தக் கணக்கே தேவையில்லை.

வகை என்பது பாத்திரத்தின் அளவு மட்டுமே. எவ்வளவு ஊற்றப்படும் என்பது நிரல் ஓடும்போதுதான் தெரியும். பழைய நிரல் புது இடம் போகும்போது அதன் பழைய நம்பிக்கைகளையும் சோதித்தாக வேண்டும்.