மறைந்துபோன கம்பிகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தமக்கையின் பிள்ளை தோளில் ஒரு கறுப்புப் பையுடன் வந்து சேர்ந்தான். காப்பி குடிப்பதற்கு முன்பே பையைத் திறந்து, கூடத்து மேஜைமேல் மூன்று லென்ஸ்களை வரிசையாக நிறுத்தினான். முதலாவது 50 மில்லிமீட்டர். கட்டைவிரல் உயரந்தான் இருக்கும். இரண்டாவது, 70-லிருந்து 200 வரை நீளக்கூடியது. மூன்றாவது 400, வாடகைக்கு எடுத்து வந்தது. அதை லென்ஸ் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சின்னப் பீரங்கி என்றே சொல்லத் தோன்றியது.

"மாமா, வண்டலூருக்குப் போகிறேன், மிருகங்களைப் படம் எடுக்க. மூன்றையும் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நடக்க முடியாது. எதை எடுத்துப் போகட்டும்?" என்றான்.

கதை எழுதுகிறவனிடம் கேட்க வேண்டிய கேள்வி அல்ல இது. ஆனால் பழைய புகைப்படங்கள் என்றால் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு என்பது அவனுக்குத் தெரியும்.

"மிருகத்துக்கும் உனக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கும்?" என்று கேட்டேன்.

"இடத்துக்கு இடம் மாறும்."

"அந்தத் தூரத்தில் என்ன இருக்கும்?"

அவனுக்குக் கேள்வி புரியவில்லை. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் மிருகக்காட்சிசாலைக்கு 1850-ல் எகிப்திலிருந்து ஒரு நீர்யானைக் குட்டி வந்தது. அதன் பெயர் ஒபாய்ஷ். நகரமே அதைப் பார்க்கத் திரண்டது. 1852-ல் ஸ்பெயின் ராஜவம்சத்தைச் சேர்ந்த மாண்டிஸான் பிரபு அதைப் புகைப்படம் எடுத்தார். அந்தக் காலத்துத் தகடுகளில் உருவம் பதிவதற்கு விநாடிக் கணக்கில் ஆகும். வியன்னாவில் பெட்ஸ்வால் என்ற கணித நிபுணர் 1840-ல் வகுத்த லென்ஸ் ஏராளமாக ஒளியை வாங்கக்கூடியதுதான். ஆனால் அது மனித முகத்தைப் படம் எடுப்பதற்காக ஏற்பட்டது. மனிதனை நாற்காலியில் உட்கார்த்தி, பின்னங்கழுத்தை ஓர் இரும்புக் கவட்டையில் சாய்த்து, "அசையாதீர்கள்" என்று சொல்லலாம். நீர்யானையிடம் யார் சொல்வது? நல்லவேளையாக அது குளக்கரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தூக்கந்தான் படமாயிற்று.

அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். முன்னால் நீர்யானை நிம்மதியாகக் கிடக்கிறது. அதற்கு அப்பால் இரும்புக் கம்பிகள். கம்பிகளுக்குப் பின்னே லண்டன் ஜனங்கள் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். கூண்டில் அடைபட்டிருப்பவர்கள் அவர்கள்தானோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்துவிடும். ஆனால் அந்தப் படம் எதையும் ஒளிக்கவில்லை. மிருகம், கம்பி, மனிதன் மூன்றும் அதில் இருக்கின்றன.

அதே தோட்டத்தில் ஒரு பெண் குவாகாவும் இருந்தது. குவாகா என்பது தென்னாப்பிரிக்காவில் இருந்த ஒருவகை வரிக்குதிரை. கழுத்திலும் முன்புறத்திலும் வரிகள் இருக்கும். பின்புறம் குதிரையைப்போலப் பழுப்பு நிறம். யார்க், ஹேஸ் என்ற இரண்டு புகைப்படக்காரர்கள் 1863-க்கும் 1870-க்கும் இடையில் அதைப் படம் எடுத்தார்கள். உயிரோடிருந்த குவாகாவின் படங்களாக உலகத்தில் இன்று தெரிந்தவை ஐந்தே ஐந்து. ஐந்தும் இந்த ஒரே பெண் குவாகாவின் படங்கள். 1872-ல் அது இறந்தது. 1883-ல் ஆம்ஸ்டர்டாம் மிருகக்காட்சிசாலையில் இன்னொன்று இறந்தது. அதோடு அந்த இனமே பூமியை விட்டுப் போய்விட்டது. போனது அப்போது யாருக்கும் தெரியவில்லை. தென்னாப்பிரிக்காவில் எல்லா வரிக்குதிரைகளையும் 'குவாகா' என்றே அழைப்பது வழக்கமாக இருந்ததால், குவாகாக்கள் நிறைய இருப்பதாகவே ஜனங்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படங்களில் அதன் பின்னால் தோட்டத்துச் சுவர் தெரிகிறது. காட்டில் நின்ற குவாகாவை யாரும் படம் எடுக்கவில்லை. எடுக்கும்படியான லென்ஸும் அன்று இல்லை.

அப்படிப்பட்ட லென்ஸ் 1891-ல் வந்தது. லண்டனில் டால்மேயர், ஜெர்மனியில் மீத்தே, ஸ்டைன்ஹைல் என்று மூன்று பேர் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அந்த யோசனைக்கு வந்து சேர்ந்தார்கள். தூரத்துப் பொருளைப் பெரிதாகக் காட்ட வேண்டுமானால் லென்ஸின் குவிதூரம் நீளமாக இருக்க வேண்டும். குவிதூரம் நீண்டால் குழலும் நீளும். காமிராவைத் தூக்க ஆள் வைக்க வேண்டும். இவர்கள் முன்னால் ஒளியைக் குவிக்கும் கண்ணாடியும் பின்னால் விரிக்கும் கண்ணாடியும் வைத்தார்கள். குட்டைக் குழலுக்குள் நீண்ட குவிதூரத்தை அடக்கிவிட்டார்கள். அதுதான் டெலிபோட்டோ லென்ஸ். என் மருமான் கொண்டுவந்த பீரங்கி அதன் கொள்ளுப்பேரன்.

இதனால் கிடைத்த லாபம் பெரிது. 50 மில்லிமீட்டரில் தெரிவதைவிட 400-ல் மிருகம் எட்டு மடங்கு பெரிதாகத் தெரியும். அதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. கை சற்று நடுங்கினால் அந்த நடுக்கமும் எட்டு மடங்காகும். வெளிச்சம் குறைந்த இடத்திலும் படம் எடுக்க வேண்டுமானால் முன்கண்ணாடி நான்கு அங்குல அகலமாவது வேண்டும். கனம் அதிலிருந்துதான் வருகிறது. டெலிபோட்டோ வந்த பிறகும் எல்லோருக்கும் அது கைகொடுத்துவிடவில்லை. இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் 1900-ல் ஒரு மாட்டின் தோலைப் பாடம் செய்து, உள்ளே ஆள் நிற்கும்படி குடைந்து, அதற்குள் ஒளிந்துகொண்டு பறவைகளைப் படம் எடுத்தார்கள். நம் ஊர்ப் பொய்க்கால் குதிரைதான், ஆட்டம் மட்டும் இல்லை. நம் நாட்டில் சாம்பியன் என்ற காட்டிலாகா அதிகாரி புலி நடக்கும் தடத்தில் கம்பி ஒன்றைக் கட்டிவைத்தார். இருட்டில் புலியின் கால் அதில் பட்டதும் விளக்கு மின்னும், படம் பதியும். புலி தன்னைத் தானே எடுத்துக்கொண்ட அந்தப் படங்கள் 1927-ல் புத்தகமாக வந்தன.

மிருகக்காட்சிசாலையில் கதை வேறு விதமாகப் போயிற்று. ஹாம்பர்க் நகரத்தை அடுத்த ஸ்டெல்லிங்கனில் கார்ல் ஹாகன்பெக் என்ற மிருக வியாபாரி 1907-ல் ஒரு புதுமாதிரித் தோட்டத்தைத் திறந்தார். அதில் கம்பி இல்லை. சிங்கத்துக்கும் ஜனங்களுக்கும் நடுவே ஆழமான அகழி; அதுவும் பார்ப்பவர் கண்ணில் படாதபடி செடிகொடிகளால் மறைத்தது. முன்னால் நீர்ப்பறவைகள், அதற்குப் பின்னால் புல் தின்னும் மிருகங்கள், அதற்கும் பின்னால் சிங்கம் என்று அடுக்கடுக்காக ஒரே காட்சியாகத் தெரியும். உலகமெங்கும் இந்த முறை பரவிற்று. எட்வர்ட் பால்ஃபர் 1855-ல் ஆரம்பித்த நம் சென்னை மிருகக்காட்சிசாலை, 1985-ல் வண்டலூருக்குப் போனபோது, அங்கேயும் அகழிகள்தாம் வெட்டப்பட்டன. மிருகங்களுக்கு இது நல்லதுதான். நான் குறை சொல்லவில்லை. சிறை இருந்த இடத்திலேயே இருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று, அவ்வளவுதான்.

கம்பிவலை மிச்சமிருந்த இடத்தில் லென்ஸ் அந்த வேலையைச் செய்தது. இது படம் எடுப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. நீண்ட லென்ஸை வலைக்கு மிக அருகில் கொண்டுபோக வேண்டும். துவாரத்தை அகலத் திறக்க வேண்டும். மிருகம் வலையிலிருந்து எட்டத் தள்ளி நிற்க வேண்டும். அப்போது லென்ஸின் முகத்தருகே இருக்கும் கம்பி முற்றிலும் கலங்கி, புகையாகக் கரைந்து, படத்திலேயே இராது. பின்னால் இருக்கும் சுவரும் கலங்கிப் பச்சையோ பழுப்போ ஆகிவிடும். புலி காட்டில் நிற்கும்.

"அழகாகத்தானே இருக்கும்! அதில் என்ன தப்பு, மாமா?" என்றான் பையன்.

தப்பு இருக்கலாம் என்பதற்கு ஒரு கதை சொன்னேன்.

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே டாஸ்மேனியாத் தீவில் தைலசின் என்று ஒரு பிராணி இருந்தது. முகம் நாயைப்போல, முதுகில் புலியைப்போல வரி, கங்காருவைப்போல வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் ஜாதி. ஆடுகளைக் கொல்கிறது என்று அதன்மேல் குற்றம். சர்க்கார் 1888 முதல் 1909 வரை, வளர்ந்த பிராணியின் தலைக்கு ஒரு பவுன் வீதம் வெகுமதி கொடுத்தது. மொத்தம் 2,184 வெகுமதிகள் கொடுத்ததாகக் கணக்கு. 1921-ல் ஹாரி பரல் என்பவர் எடுத்த ஒரு படம் பத்திரிகையில் வந்தது. தைலசின் வாயில் ஒரு கோழி. கோழித் திருடன் கையும் களவுமாக அகப்பட்டதுபோல இருந்தது. எத்தனையோ இடங்களில் அந்தப் படம் அச்சாயிற்று. பிற்பாடு பார்த்தால், அது ஓரம் வெட்டிய படம். வெட்டிய பகுதியில் வேலியும் கூண்டும் இருந்தன. அந்தப் பிராணிக்கு உயிரே இல்லை, படத்துக்காக நிறுத்திவைத்த உடல் என்று சொல்லும் ஆராய்ச்சியாளரும் உண்டு. அது எப்படியானாலும், காட்டில் திருடிக்கொண்டு ஓடிய திருடனை யாரும் படம் எடுக்கவில்லை. வேலியை நீக்கிய மாத்திரத்தில் படம் பொய்ச் சாட்சி சொல்ல ஆரம்பித்துவிட்டது.

1933-ல் டேவிட் ஃப்ளே என்ற இயற்கை ஆராய்ச்சியாளர் ஹோபார்ட் மிருகக்காட்சிசாலையில் ஒரு தைலசினைச் சலனப்படம் பிடித்தார். டெலிபோட்டோ எல்லாம் இல்லை, கூண்டுக்குள்ளேயே போனார். அது அவருடைய பின்புறத்தில் கடித்துவிட்டது. அந்தச் சலனப்படத்தில் பிராணி கம்பிவலை ஓரமாக இங்குமங்கும் நடக்கிறது, கொட்டாவி விடுகிறது, படுக்கிறது. வலை முழுக்கத் தெரிகிறது. 1936 ஜூலையில் சர்க்கார் அந்த இனத்துக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. ஐம்பத்தொன்பது நாள் கழித்து, செப்டம்பர் 7-ந் தேதி, ஹோபார்ட்டில் இருந்த கடைசித் தைலசின் இறந்தது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வலை தெரியும் படத்தில்தான் அந்தப் பிராணி நிஜமாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்படியானால் டெலி லென்ஸே வேண்டாம் என்கிறீர்களா?" என்றான்.

அப்படியும் இல்லை. நம் தமிழ்நாட்டிலேயே மா. கிருஷ்ணன் இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர்; 1996-ல் காலமானார். காட்டு யானையையும் காட்டெருமையையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். ஓரிடத்துக் காமிராவையும் வேறிடத்து லென்ஸையும் தாமே பொருத்தி ஒரு கருவி செய்துகொண்டு, அதற்கு 'சூப்பர் பாண்டெரோஸா' என்று பெயரும் வைத்திருந்தார். மிருகம் தன் காரியத்தைத் தான் பார்த்துக்கொண்டிருக்க, நாம் எட்ட நின்று பார்ப்பதற்குத்தான் நீண்ட லென்ஸ். அங்கே அது தூரத்தை மதிக்கிற கருவி. வேலியை விழுங்குவதற்கு உபயோகித்தால் அதே கருவி வேறாகிவிடுகிறது.

ஆகவே என் யோசனை இதுதான்: பீரங்கியை வீட்டில் வைத்துவிடு, அகழித் தூரத்துக்கு 200 போதும். அந்தக் கட்டைவிரல் லென்ஸையும் சட்டைப்பையில் போட்டுக்கொள்.

அடுத்த வாரம் இரண்டு படங்களைக் கொண்டுவந்து கொடுத்தான். ஒன்றில் வெள்ளைப் புலி முகம் முழுக்க நிறைந்து நிற்கிறது; மீசை மயிரை எண்ணலாம். பின்னணி வெறும் பச்சை. "காட்டில் எடுத்தேன் என்றால் நம்பிவிடுவார்கள்" என்றான். சொன்ன கையோடு அவனே படத்தின் பின்புறத்தைத் திருப்பி, 'வண்டலூர்' என்று பேனாவால் எழுதினான்.

மற்றது 50-ல் எடுத்தது. அகழி, அகழியின் சுவர், அப்பால் உள்ளங்கையளவில் புலி; இப்பால் கைப்பிடிச் சுவரில் ஏறி நிற்கும் ஒரு குழந்தை, அதன் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் தகப்பனார். புலி குழந்தையைப் பார்க்கவில்லை, வேறெங்கோ பார்க்கிறது.

முதல் படத்தை என் தமக்கை சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். இரண்டாவதை நான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.